நாணயக் கண்காட்சிக்குப் போகும் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட்டார அளவில் நடக்கும் நாணயக் கண்காட்சி பெரும்பாலும் ஒரே கூடத்தில், சில டஜன் மேசைகளோடு, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முதல்முறை போகிறவர்களும், பலமுறை போயும் தேடியது கிடைக்காமல் திரும்புகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கண்காட்சியின் பெரிய பயன், ஒரே வகை நாணயத்தைப் பத்து மேசைகளில் பத்துவிதமான நிலையில் கையிலெடுத்துப் பார்க்க முடிவதுதான். கண் பழகிவிட்டால் பிறகு எதை வாங்குவது என்ற குழப்பம் பாதியாகக் குறையும்.

படம் பார்த்தே வாங்கிவிடலாமே, நேரில் ஏன் போகவேண்டும்?

படம் ஒரு கோணத்தில், ஒரு வெளிச்சத்தில் எடுத்தது. நாணயத்தின் பரப்பில் உள்ள மெல்லிய கீறல்கள் குறிப்பிட்ட ஒரு சாய்வில் மட்டுமே தெரியும். அந்தச் சாய்வைப் படமெடுத்தவர் தவிர்த்துவிட்டால் நமக்குத் தெரிய வழியில்லை. விளிம்பு படத்தில் வருவதே இல்லை. சங்கிலியில் கோத்து அணிந்த நாணயம், வார்ப்பில் செய்த போலி இரண்டும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அந்த விளிம்புதான். எடையையும் படத்தில் பார்க்க முடியாது.

போவதற்கு முன் என்ன தயாரிப்பு வேண்டும்?

தேவைப் பட்டியல். இது இல்லாமல் போனால், கூடத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கிவிட்டு, ஆண்டுவாரியாகச் சேர்த்துவரும் தொடரில் விடுபட்டிருந்த ஆண்டை அப்படியே விட்டுவிட்டு வருவோம். பட்டியலில் நாணயத்தின் பெயர், ஆண்டு, அச்சுச்சாலைக் குறி (எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு அடையாளம்), உங்களுக்கு வேண்டிய குறைந்தபட்சத் தரம், நீங்கள் தரத் தயாராக உள்ள உச்ச விலை ஆகிய ஐந்தும் இருக்கட்டும். கையில் ஏற்கெனவே இருப்பவற்றின் பட்டியலும் வேண்டும், தரத்தோடு. "இது நம்மிடம் இருக்கிறதா, இருந்தால் இதைவிட நன்றாக இருக்குமா?" என்ற சந்தேகம் மேசை முன்னால் கட்டாயம் வரும். உங்களிடம் உள்ளவற்றின் படங்களைக் கைபேசியில் வைத்திருந்தால் அங்கேயே ஒப்பிட்டுவிடலாம்.

பட்டியல் குறுகலாக இருப்பது நல்லது. ஒரு கண்காட்சிக்கு இரண்டு தொடர் போதும். அந்த இரண்டின் எடை, விட்டம், உலோகக் கலவை, தெரிந்த அச்சு வேறுபாடுகள் எல்லாவற்றையும் முதல்நாள் இரவே படித்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் சேர்ப்பவர், 1911 ஆண்டு நாணயத்தில் மன்னரின் அங்கியிலுள்ள யானை உருவம் துதிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிவதையும், 1912 முதல் அது திருத்தப்பட்டதையும் தெரிந்துகொண்டு போனால், மேசையில் அந்த ஆண்டு கண்ணில் பட்டதும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

பையில் என்னென்ன எடுத்துப்போவது?

உருப்பெருக்கி ஒன்று, முடிந்தால் இரண்டு. தரம் பார்க்க 5 முதல் 7 மடங்கு போதும்; அச்சுச்சாலைக் குறி, திருத்திய இலக்கம் போன்றவற்றைப் பார்க்க 10 மடங்கு. அதைவிடப் பெரிதாக வாங்காதீர்கள். 20 மடங்கில் பார்த்தால் நல்ல நாணயமும் பழுதாகத்தான் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கி, நாணயம் முழுதாக எப்படி இருக்கிறது என்பதே பிடிபடாமல் போகும்.

எடை பார்க்க 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசும், அதைச் சரிபார்க்க ஒரு சோதனை எடைக்கல்லும். கூடத்தில் மின்விசிறிக் காற்றும் மேசை அதிர்வும் இரண்டாம் தசம இலக்கத்தை ஆட்டிவிடும். தராசைக் கையால் மறைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். விட்டம் அளக்க பிளாஸ்டிக் வெர்னியர் எடுத்துப்போங்கள்; இரும்பு வெர்னியரின் தாடை விளிம்பில் தடம் பதித்துவிடும் என்பதால் எந்த வியாபாரியும் விடமாட்டார். சிறிய காந்தம், பேனா, குறிப்பேடு, வாங்கியதைப் போட்டுவைக்க நாலைந்து காலி உறைகள், உள்ளே திண்டு வைத்த சிறு பெட்டி. இவ்வளவு போதும்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது?

அரிய சரக்கு வேண்டுமென்றால் முதல் நாள் கதவு திறக்கும்போதே போகவேண்டும். நல்ல நாணயங்களில் பல, பொதுமக்கள் வருவதற்கு முன் வியாபாரிகளுக்குள்ளேயே கைமாறிவிடும். மிச்சமுள்ளவையும் முதல் சில மணிநேரத்தில் போய்விடும். பேசிப் பழக, கற்றுக்கொள்ள இரண்டாம் நாள் காலை உகந்தது. கடைசி நாள் பிற்பகலில் விலை இறங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சுமாரான சரக்கு விஷயத்தில் அது ஓரளவு உண்மை. ஆனால் அறிவித்த நேரத்துக்கு முன்பே பலர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதை நம்பி மதியத்துக்கு மேல் போனால் காலி மேசைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன செய்வது?

எதையும் வாங்காமல் ஒரு சுற்று வாருங்கள். யாரிடம் உங்கள் தொடர் இருக்கிறது, என்ன விலை, என்ன தரம் என்று மேசை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் உட்கார்ந்து பாருங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு: உங்கள் பட்டியலில் உள்ள, எளிதில் கிடைக்காத நாணயம் உங்கள் உச்ச விலைக்குள் முதல் சுற்றிலேயே கண்ணில் பட்டால் அப்போதே உட்கார்ந்துவிடுங்கள். சுற்றி முடித்து வருவதற்குள் அது இருக்காது.

மேசையில் எப்படி நடந்துகொள்வது?

முதலில் கேளுங்கள்: "இதைப் பார்க்கலாமா?" கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்காதீர்கள்; அவரே எடுத்துத் தரட்டும். ஒரு நேரத்தில் ஒரு நாணயம். பார்த்து முடித்ததை அவர் கையிலோ அதே இடத்திலோ வைத்தபிறகு அடுத்ததைக் கேளுங்கள். பல வியாபாரிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஒன்று இடம் மாறினாலும் காணாமல் போனதாக நினைத்துப் பதறுவார்கள்.

உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமானால் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் அவரே எடுத்துத் தருவார். நாணயத்தை விளிம்பில் மட்டும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். முகப்பில் பட்ட கைரேகை சில மாதங்களில் உலோகத்தோடு ஒன்றிவிடும், பிறகு எடுக்க முடியாது. கை எப்போதும் மெத்துத்துணி விரித்த தட்டின்மேல், இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். நழுவினாலும் துணியில்தான் விழும். நாணயத்தின்மேல் குனிந்துகொண்டு பேசாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி வெள்ளியிலும் செம்பிலும் கறும்புள்ளியாகத் தங்கிவிடும்.

உங்கள் சொந்த நாணயங்களை வேறொருவர் மேசையில் பரப்புவது பெரிய தவறு. எது யாருடையது என்ற குழப்பம் ஒருமுறை வந்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது. ஒப்பிட உங்கள் நாணயத்தை எடுக்கவேண்டுமென்றால், "இது என்னுடையது" என்று காட்டிவிட்டு எடுங்கள். படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே விழுந்து விலை சொல்வதும், "இது போலி மாதிரி இருக்கிறதே" என்று கருத்துச் சொல்வதும் கூடாது. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கூட்டம் கலைந்தபின் வியாபாரியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு நாணயத்தைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

முதலில் வெறுங்கண்ணால், கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டுமொத்த நிறம், அச்சு மையத்தில் விழுந்திருக்கிறதா, விளிம்பில் நசுங்கல் உண்டா என்பவை அப்போதுதான் தெரியும். எடுத்த எடுப்பில் உருப்பெருக்கியை வைப்பவர்கள் நசுங்கிய விளிம்பைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

பிறகு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நாணயத்தை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். 10 மடங்கு உருப்பெருக்கியில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில், 5 மடங்கில் ஐந்து சென்டிமீட்டரில் தெளிவாகும். வெளிச்சம் ஒரே விளக்கிலிருந்து, பக்கவாட்டில் வரவேண்டும். கூடத்தின் மேற்கூரை விளக்குகள் எல்லாப் பக்கமும் பரவலாக ஒளி வீசுவதால் மெல்லிய கீறல்கள் மறைந்துபோகும். மேசை விளக்கைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். மிகப் பிரகாசமான விளக்கு மங்கிய நாணயத்தையும் உயிரோட்டமாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது நாணயத்தைச் சாய்த்து, மெதுவாகச் சுழற்றுங்கள். புழக்கத்துக்கு வராத நாணயத்தில், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் ஒளிக்கற்றைகள் நாணயத்தோடு சேர்ந்து சுற்றிவரும். அச்சடிக்கும்போது உலோகம் வெளிநோக்கி ஓடியதால் பரப்பில் உண்டான நுண்ணிய வரிகளே அதற்குக் காரணம். மன்னர் உருவமுள்ள நாணயத்தில் கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, புருவம், மகுடத்தின் உச்சி ஆகிய மேடான இடங்களில் அந்த ஒளி அறுந்து, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது தேய்மானம். விற்பவர் "அச்சு சரியாக விழவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லலாம். சில நேரம் உண்மையாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு: அச்சு விழாத இடத்தில் விவரம் இருக்காது, ஆனால் பரப்பின் ஒளி அறுபடாமல் தொடரும்; தேய்ந்த இடத்தில் விவரமும் ஒளியும் சேர்ந்தே போயிருக்கும்.

முழு வட்டம் சுற்றியபின் பின்பக்கமும் அதேபோல். கடைசியாக விளிம்பு. அட்டை உறைக்குள் இருக்கும்போது விளிம்பு முழுதாகத் தெரியாது. விலை அதிகமென்றால் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். மேல் நுனியில், அதாவது 12 மணி நிலையில், பற்றவைத்த தடம், அரம் போட்ட சமதளம், அடைத்த துளை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நகையாக அணிந்த நாணயங்கள் மிக அதிகம். அவற்றின் விலை பழுதில்லாததைவிடப் பல மடங்கு குறைவு.

கழுவிய நாணயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்காட்சியில் ஏமாறுகிறவர்கள் போலியில் ஏமாறுவதைவிடக் கழுவியதில் ஏமாறுவதே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. கழுவிய நாணயம் உண்மையானதுதான், ஆனால் அதன் முதல் பரப்பு போய்விட்டது, திரும்ப வராது.

பார்க்கவேண்டிய முதல் விஷயம், தேய்மானத்துக்கும் பளபளப்புக்கும் உள்ள முரண். பல ஆண்டுகள் கைமாறித் தேய்ந்த வெள்ளி சாம்பல் நிறமாகத்தான் இருக்கவேண்டும். எழுத்துகள் பாதி அழிந்த நாணயம் புதுப் பாத்திரம்போல மின்னினால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். இரண்டாவது, வெற்றுப் பரப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய இணைகோடுகள். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் தாறுமாறாக, நீளம் குட்டையாக இருக்கும். துணியாலோ பற்பசையாலோ தேய்த்தவை வரிசையாக இருக்கும். மூன்றாவது, பரப்பு வெளுத்து, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் அழுக்கு அடைந்திருப்பது. செம்பு நாணயம் இளஞ்சிவப்பாக இருந்தால் உடனே ஒதுக்கலாம். இயல்பான செம்பு செந்நிறத்திலிருந்து பழுப்புக்குத்தான் போகும்.

அமிலக் கரைசலில் முக்கி எடுத்தது வேறுவகை. அதில் கீறல் இருக்காது. பரப்பு வெள்ளைவெளேரென்று, ஆனால் உயிரில்லாமல் இருக்கும். சாய்த்தால் ஒளிக்கற்றை மெலிதாகவோ அறவே இல்லாமலோ போகும். ஒவ்வொரு முறை முக்கும்போதும் அந்த நுண்வரிகளில் ஒரு படலம் கரைந்துபோவதே காரணம். சரியாக அலசாதவற்றில் பிற்பாடு மஞ்சள், பழுப்புத் திட்டுகள் எழும்.

கம்பித் தூரிகை இயந்திரத்தால் மெருகேற்றியவற்றில் எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் ஒதுங்கிக் குவிந்திருக்கும்; ஒளி மின்னும், ஆனால் நாணயத்தோடு சுழலாது. 10 மடங்கில் பார்த்தால் தப்ப முடியாது.

வானவில் நிறங்கள் பூத்த வெள்ளி நாணயங்களுக்கு விலை கூடுதல், ஆகவே செயற்கையாக நிறமேற்றியவையும் வருகின்றன. எழுத்துகளையும் உருவத்தையும் பொருட்படுத்தாமல், நிறம் மேலே மிதப்பதுபோல் ஒரே படலமாகப் பரவியிருந்தால், அல்லது கீறலுக்குள்ளும் அதே நிறம் புத்தம்புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் கூடுதல் விலையைத் தராமல் இருப்பதே வழி.

போலிகள்? தராசு ஒன்று போதுமா?

தராசு நல்ல வடிகட்டி, ஆனால் தீர்ப்பு சொல்லாது. சில எடைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: பிரிட்டிஷ் தங்க நாணயமான சவரன் 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், அமெரிக்க வெள்ளி நாணயமான மார்கன் டாலர் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், ஆஸ்திரிய வெள்ளி நாணயமான மரியா தெரசா தாலர் 28.07 கிராம். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம், ஆனால் அதிகரிக்காது. நன்றாக இருக்கும் நாணயம் அரை கிராம் குறைந்தாலோ, எந்த நாணயமானாலும் குறிப்பிட்டதைவிட எடை தெளிவாகக் கூடினாலோ கீழே வைத்துவிடுங்கள்.

எடை சரியாக இருந்தும் தவறிப்போகும் இடங்கள் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சரியான தங்கத்திலேயே போலி சவரன்கள் அச்சடிக்கப்பட்டன. அவற்றைத் தராசு பிடிக்காது; எழுத்து வடிவமும் மழுங்கிய விவரங்களும்தான் காட்டிக்கொடுக்கும். ரூபாய் விஷயத்தில் வேறொரு சிக்கல்: 1940இல் வெள்ளியின் அளவு 91.7 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, ஆனால் எடை அதே 11.66 கிராம். ஆண்டைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து வெள்ளி விலை கணக்கிட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவோம்.

வார்ப்புப் போலியில் பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். எழுத்தின் விளிம்புகள் கூர்மையில்லாமல் சோப்புக்கட்டிபோல் வழவழப்பாக இருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் நீக்கிய தடம் இருக்கும். அச்சடித்த போலி இன்னும் நுட்பமானது. உண்மை நாணயம் ஒன்றிலிருந்து அச்சு எடுத்திருப்பதால், அந்த மூல நாணயத்தில் இருந்த அடிபட்ட குழியும் எல்லாப் பிரதிகளிலும் அதே இடத்தில் வரும். ஒரே மேசையில் அதே ஆண்டு நாணயங்கள் இரண்டு இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே வடிவக் குழி இரண்டிலும் இருந்தால் இரண்டுமே போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மை நாணயத்தைத் திருத்தி அரியதாக்குவது மூன்றாம் வகை. 1893 மார்கன் டாலரில் சான்பிரான்சிஸ்கோவின் 'எஸ்' குறி உள்ளதுதான் அந்தத் தொடரில் மிக விலை உயர்ந்த ஒன்று. குறி இல்லாத சாதாரண 1893 நாணயத்தின் பின்பக்கத்தில் வளையத்துக்குக் கீழே 'எஸ்' ஒட்டி விற்பது பழைய மோசடி. உருப்பெருக்கியில் குறியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பரப்பிலிருந்து இயல்பாக எழும்பியிருந்தால் சரி. அடியில் கோடு, பசைத் தடம், சுற்றிலும் சுரண்டிய அடையாளம், நிற வேறுபாடு இருந்தால் ஒட்டியது.

காந்தம் பிடித்தால் வெள்ளி இல்லை என்பது நிச்சயம். பிடிக்காவிட்டால் வெள்ளி என்று பொருளில்லை, செம்பையும் பித்தளையையும்கூடக் காந்தம் பிடிக்காது. 1947 ரூபாய் தூய நிக்கல், அது காந்தத்தில் ஒட்டுவது இயல்பே. நாணயத்தைச் சுண்டி ஒலி கேட்டுச் சோதிப்பதைக் கண்காட்சியில் செய்யாதீர்கள். விளிம்பு நசுங்கினால் நீங்கள்தான் வாங்கவேண்டியிருக்கும்.

தாலரைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் 1780 என்று இருப்பதால் 1780இல் அடித்தது என்று எண்ணவேண்டாம். அந்த ஆண்டை அப்படியே வைத்து வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் உட்படப் பல அச்சுச்சாலைகள் பிற்காலத்தில் அடித்திருக்கின்றன. அவை போலி ஆகா. ஆனால் முதல் அச்சுக்குரிய விலையும் பெறா.

தரச்சான்று பெற்ற, பெட்டியில் அடைத்த நாணயங்களை அப்படியே நம்பலாமா?

இப்போது உலகம் முழுதும் பயன்படும் 1 முதல் 70 வரையான தர அளவுகோல், 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கப் பெரிய சென்ட் நாணயங்களுக்காக வகுத்தது. 60உம் அதற்கு மேலும் பெற்றவை புழக்கத்துக்கு வராதவை. தரச்சான்று தரும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ் 1986இலும் என்.ஜி.சி 1987இலும் தொடங்கி, நாணயத்தைத் தரம் பார்த்து முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவதைப் பரவலாக்கின.

பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது, மீதி உங்களுடையது. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அங்கேயே தட்டிப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் நிற்காமல், தளத்தில் படம் இருந்தால் அதிலுள்ள கீறல், நிறத் திட்டு உங்கள் கையிலுள்ளதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணை அச்சிட்ட போலிப் பெட்டிகள் புழங்குகின்றன. பெட்டியின் ஓரங்களில் பிரித்து ஒட்டிய வெண்தடம், உள்ளேயுள்ள சீட்டில் எழுத்து மங்கல், கோணல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சீட்டில் தர எண்ணுக்குப் பதிலாகக் கழுவியது, சேதமுற்றது என்ற குறிப்பு இருந்தால் விலையும் அதற்கேற்ப இறங்கவேண்டும்.

ஒரே தர எண் பெற்ற இரண்டு நாணயங்கள் ஒன்றுபோல் இருக்காது. 63 வாங்கிய ஒன்று கன்னத்தில் பெரிய வெட்டோடும், இன்னொன்று சுத்தமான முகத்தோடும் இருக்கலாம். எண்ணை மறைத்துக்கொண்டு நாணயத்தை மட்டும் பாருங்கள்.

பேரம் பேசலாமா? எப்படி?

பேசலாம், வியாபாரிகளும் எதிர்பார்ப்பார்கள். "இதை வாங்கிக்கொள்கிறேன், கடைசி விலை என்ன?" என்று ஒருமுறை நேராகக் கேட்பது பெரும்பாலும் பலன் தரும். நாணயத்தை மட்டம் தட்டிப் பேசி விலை குறைக்கப் பார்ப்பது எடுபடாது. அவருக்கு அந்தக் குறைகள் உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் ஒரு விலை சொல்லி, அவர் சரி என்றுவிட்டால் வாங்கியே ஆகவேண்டும். அதன்பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றால் அடுத்தமுறை உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. ஒரே மேசையில் மூன்று நான்கு எடுத்தால் மொத்தமாகக் கேளுங்கள், அதில்தான் நல்ல குறைப்பு கிடைக்கும்.

வெள்ளி, தங்க மதிப்புக்கு மேல் அதிக சேகரிப்பு மதிப்பு இல்லாத நாணயமென்றால் அடிவிலையைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடையைத் தூய்மையால் பெருக்கினால் உள்ளேயிருக்கும் உலோகம். சவரனில் 7.32 கிராம் தூய தங்கம், 1940க்கு முந்தைய ரூபாயில் சுமார் 10.69 கிராம் வெள்ளி. உலகச் சந்தை விலை டிராய் அவுன்சில் இருந்தால் 31.1035ஆல் வகுத்துக் கிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமையலறை அவுன்சான 28.35 கிராமைப் போட்டுக் கணக்குத் தவறுவோர் பலர்.

கலப்புப் பெட்டிகளில் தேடுவது நேர விரயமா?

இல்லை. ஒரே விலையில் எதை வேண்டுமானாலும் எடு என்று கொட்டிவைத்த பெட்டியில், வியாபாரி பிரித்துப் பார்க்க நேரமில்லாத அச்சு வேறுபாடுகள் கிடைக்கும். கையில் கட்டாயம் பட்டியல் வேண்டும். எடுத்ததைத் தனியே குவித்து, கடைசியில் மறுபடி உருப்பெருக்கியில் பார்த்துப் பாதியைத் திருப்பிப் போடுங்கள்.

என்னிடம் உள்ளதை அங்கே விற்கலாமா?

விற்கலாம். நுழைவாயிலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததைச் சொல்லவேண்டிய விதி இருந்தால் சொல்லிவிடுங்கள். முதல் நாள் விற்பது நல்லது, அப்போது வியாபாரிகளிடம் பணமும் இருக்கும், சரக்கின் தேவையும் இருக்கும். குறைந்தது மூன்று பேரிடம் காட்டுங்கள். விலைப்பட்டியல் நூல்களில் உள்ளது சில்லறை விலை. வியாபாரி அதற்குக் கீழேதான் தரமுடியும், வாடகையும் பயணச் செலவும் விற்காமல் தங்கும் சரக்கும் அவர் தலையில். அவர் ஒன்றிரண்டு நல்ல நாணயங்களை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தால், மிச்சத்தைப் பிறகு விற்பது கடினம். எனவே மொத்தத்துக்கு ஒரு விலை, தனித்தனியாக ஒரு விலை இரண்டையும் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் விற்பதற்கு முன் கழுவாதீர்கள்.

கண்காட்சியோடு நடக்கும் ஏலத்தில் கலந்துகொள்ள என்ன தெரியவேண்டும்?

முன்பார்வை நேரத்தில் நாணயத்தைக் கையிலெடுத்துப் பார்க்காமல் கேட்காதீர்கள். பெரும்பாலான ஏலங்களில் வாங்கியதைத் திருப்பித் தர முடியாது. கேட்கும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் வரியும் சேரும். நீங்கள் தரத் தயாரான மொத்தம் 120, கட்டணம் 20 விழுக்காடு என்றால் 100இல் நிறுத்தவேண்டும். கட்டணத்துக்கும் வரி உண்டா என்று விதிகளில் பாருங்கள். நிறுத்தவேண்டிய விலையை ஏலப் பட்டியலின் ஓரத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தால் சூட்டில் தாண்டிப் போகமாட்டோம்.

பழங்கால நாணயங்களை வாங்கும்போது சட்டச் சிக்கல் வருமா?

வரலாம், ஆகவே எங்கிருந்து வந்தது என்ற தகவலை எழுத்தில் கேளுங்கள். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தில் 1996 புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நாணயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கண்டெடுக்கப்பட்டால் அறிவித்தாகவேண்டும். மண் ஒட்டிய, புதிதாகத் தோண்டியெடுத்ததுபோன்ற குவியல்களைத் தொடாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது, வரலாற்றுக்கும் நல்லது. எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடைத்தது என்ற தகவல் போனபின் அந்தக் காசு சொல்லக்கூடியதில் பெரும்பகுதி போய்விடுகிறது.

ரசீதில் என்ன இருக்கவேண்டும்?

நாணயத்தின் பெயர், ஆண்டு, அச்சுச்சாலை, விற்றவர் சொன்ன தரம், விலை, தேதி, அவர் பெயரும் தொடர்பு விவரமும். "உண்மையானதென உறுதி, போலி என நிரூபணமானால் பணம் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விலையுயர்ந்ததை அவரிடம் வாங்கவேண்டாம்.

வாங்கியதைப் பாதுகாப்பாக வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

கூடத்துக்குள்ளேயே அடுக்கிப் பையின் அடியில் வைத்து மூடிவிடுங்கள். வாசலில் நின்றுகொண்டு நண்பர்களுக்குக் காட்டவேண்டாம். நுழைவு அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு வெளியேறுங்கள், நாணயச் சின்னம் போட்ட சட்டை, பை எதுவும் வேண்டாம். பை தோளில் குறுக்காக, உடம்போடு இருக்கட்டும். வழியில் எங்கும் வண்டியில் பையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். கண்காட்சி நடக்கும் இடங்களில் நடக்கும் திருட்டு, கூடத்துக்குள்ளே நடப்பதைவிட வாகன நிறுத்தத்திலும் வீடு திரும்பும் வழியிலும் நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். பதிவேட்டில் வீட்டு முகவரி கேட்டால் ஊர் பெயரும் தொலைபேசி எண்ணும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின்?

அன்றே உறை மாற்றுங்கள். மென்மையாக, வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. அவற்றிலிருந்து கசியும் பொருள் நாணயத்தின்மேல் பச்சை நிறப் பிசுக்காகப் படிந்து, காலப்போக்கில் உலோகத்தை அரிக்கும். விறைப்பாக, வளைத்தால் சரசரக்கும் மைலார் உறை பாதுகாப்பானது. அட்டை உறையைப் பிரிக்கும்போது ஸ்டேப்ளர் பின்கள் எல்லாவற்றையும் முதலில் பிடுங்கிவிடுங்கள். அவசரமாகக் கிழித்தால் பின்முனை நாணயத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடும். புதிதாக அடிக்கும் பின்களின் முனைகளை இடுக்கியால் தட்டையாக்குங்கள். அடுத்தடுத்து அடுக்கும்போது கீறாது.

பச்சைப் பிசுக்கு ஏற்கெனவே இருந்தால் தூய அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசித் தானாக உலரவிடுங்கள். நகப்பூச்சு அகற்றியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது ஆகாது. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், ஆவி மூக்கில் ஏறும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளிச் செய்யுங்கள். வெண்கல, செம்புப் பழங்காசில் தூள்தூளாக உதிரும் வெளிர்பச்சைப் பொட்டுகள் வேறு நோய். குளோரைடு உப்பும் ஈரப்பதமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பது. அதை மற்ற நாணயங்களிலிருந்து விலக்கி, உலர்ந்த பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு தனியே வையுங்கள். பிறகு ஒவ்வொரு நாணயத்தையும் எடைபோட்டு, இருபக்கமும் விளிம்பும் படமெடுத்து, ரசீதின் படத்தோடு உங்கள் பட்டியலில் ஏற்றுங்கள். எடையோ விவரமோ பொருந்தவில்லை என்றால், கண்காட்சி முடிந்து வியாபாரி ஊர் திரும்புவதற்குள் அவரைக் கூப்பிட்டுவிடலாம்.